சுக்கானைத் தொடாத கேப்டனுக்கு என்ன வேலை?

கேட்கப்பட்ட கேள்வி இது: “என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு நாட்டிக்கல் சயின்ஸ் படிக்கப்போகிறேன், கப்பல் கேப்டன் ஆகப்போகிறேன் என்கிறான். விசாரித்துப் பார்த்தேன். சுக்கான் பிடிக்க ஓர் ஆள், எஞ்சினுக்குத் தனியாக ஒரு சீஃப் இன்ஜினியர், துறைமுகத்துக்குள் நுழைந்தால் பைலட், நடுக்கடலில் ஆட்டோ பைலட் என்கிறார்கள். அப்படியானால் கேப்டன் என்னதான் செய்கிறார்? ஏதாவது நடந்துவிட்டால் மட்டும் ஏன் முதலில் அவரைப் பிடித்து உள்ளே வைக்கிறார்கள்?”

நான் தூத்துக்குடிக்காரன். இருபத்தெட்டு வருஷம் கடலில் இருந்தேன். கடைசிப் பதினொரு வருஷம் கேப்டன். பெரும்பாலும் நிலக்கரி, தாது, தானியம் ஏற்றும் பல்க் கேரியர்களில். நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதில் தவறு எதுவும் இல்லை. அந்தப் பதினொரு வருஷத்தில் நான் சுக்கானைத் தொட்டதாக நினைவில்லை. அதற்குப் பழகிய மாலுமி இருக்கிறார். சரக்கு ஏற்றி இறக்குவதை, கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட் பார்ப்பார். பாதை போடுவது செகண்ட் மேட். லைஃப்போட்டும் தீயணைப்புக் கருவிகளும் தேர்ட் மேட் கையில். இருபது, இருபத்திரண்டு பேர் இருக்கும் கப்பலில் ஒவ்வொரு வேலைக்கும் பெயர் சொல்ல ஓர் ஆள் உண்டு. அத்தனை பேருடைய வேலைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் கேப்டன். அந்தக் கையெழுத்துக்கு என்ன விலை என்று சொன்னால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

சான்றிதழில் எங்களுக்குப் பெயர் ‘மாஸ்டர்’. எங்கள் ஊர்த் தோணிகளில் ‘தண்டல்’ என்பார்கள். கன்னியாகுமரிப் பக்கத்து ஆழ்கடல் படகுகளில் ‘ஸ்ராங்கு’. பழந்தமிழில் ‘மீகாமன்’. பெயர் எதுவானாலும் கரையில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, கடலில் நடப்பதைத் தன் கண்ணால் பார்த்து, கடைசி முடிவை எடுக்கிற ஆள் ஒருவர்தான்.

முதலில் கப்பலின் நாள்கணக்கைச் சொல்கிறேன். கப்பலை நடத்தும் மேல்தள அறையான பிரிட்ஜில் நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்று மூன்று மேட்களும் மாறி மாறி நிற்பார்கள். பன்னிரண்டு முதல் நாலு வரை செகண்ட் மேட், நாலு முதல் எட்டு வரை சீஃப் மேட், எட்டு முதல் பன்னிரண்டு வரை தேர்ட் மேட். கேப்டனுக்கு இந்த முறை கிடையாது. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வர வேண்டும் என்பதுதான் அவருடைய முறை. கப்பலில் ஏறியதும் நிலையான உத்தரவுகளை எழுதி, மூன்று மேட்களிடமும் கையெழுத்து வாங்குவோம். எவ்வளவு தூரத்தில் மற்றக் கப்பலைக் கடக்க வேண்டும், பார்வை எத்தனை மைலுக்குக் குறைந்தால் எழுப்ப வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். அது போக, ஒவ்வொரு இரவும் படுக்கப் போகுமுன் அன்றைய கடலுக்கென்று தனியாக ஒரு குறிப்பு. எல்லாக் கேப்டன்களும் ஏதோ ஒரு சொல்லில் எழுதுகிற வரி ஒன்று உண்டு: சந்தேகம் வந்தால் கூப்பிடு; கூப்பிடலாமா என்று யோசனை வந்தாலே கூப்பிடு.

எழுதுவது எளிது. கூப்பிட்டபோது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் அந்த வரிக்கு உயிர் இருக்கிறது. ஒருமுறை இலங்கைக்குத் தெற்கே, தேவேந்திரமுனைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தோம். கப்பல் போக்குவரத்து நெரிசலான இடம். இடையிடையே மீன்பிடிப் படகுகள். இரவு இரண்டரை மணிக்குச் செகண்ட் மேட் எழுப்பினான். முதல் தடவை அந்தப் பொறுப்புக்கு வந்த பையன். “சார், முன்னால் நிறைய விளக்கு தெரிகிறது, எது எந்தப் பக்கம் போகிறது என்று பிடிபடவில்லை.” நான் மேலே ஏறிப் போவதற்குள் அவனே வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் திருப்பி, ஆபத்தைத் தாண்டியிருந்தான். முகத்தில் மட்டும் பயம். என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டோமே என்ற பயம் அது. பத்து நிமிஷம் நின்றேன். இரண்டு பேரும் டீ குடித்தோம். “கூப்பிட்டது நல்லது, நாளைக்கும் கூப்பிடு” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அன்று நான் எரிந்து விழுந்திருந்தால் மறுநாள் இரவு அவன் தயங்கியிருப்பான். கப்பலில் ஆபத்து வர மூன்று நிமிஷத் தயக்கம் போதும். நிறைசரக்கோடு போகிற பெரிய கப்பல் முழுதாக நிற்க மூன்று, நான்கு கிலோமீட்டர் பிடிக்கும்.

எல் ஃபாரோ என்ற அமெரிக்கக் கப்பலைப் பற்றி உங்கள் மகன் கல்லூரியில் கட்டாயம் படிப்பான். 2015 செப்டம்பர் இறுதியில் ஃபுளோரிடாவிலிருந்து போர்ட்டோ ரிக்கோவுக்குப் புறப்பட்டது. வழியில் ஜோக்கின் புயல். கேப்டன் நம்பிய வானிலைத் தகவல் பல மணி நேரம் பழையது. இரவில் முதலில் தேர்ட் மேட்டும் பிறகு செகண்ட் மேட்டும் அவருடைய அறைக்குப் போன் செய்து, புயல் நம் பாதைக்கு வருகிறது, தெற்கே திரும்பலாம் என்று சொன்னார்கள். அவர் பாதையை மாற்றவில்லை. அக்டோபர் 1 காலையில் கப்பல் மூழ்கியது. 33 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கடலடியில், ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த பதிவுக்கருவியை மறுவருஷம் எடுத்தபோது, பிரிட்ஜில் நடந்த பேச்சு 26 மணி நேரத்துக்கு அதில் இருந்தது. அதன் எழுத்து வடிவத்தை நான் முழுக்கப் படித்திருக்கிறேன். அந்த இளைய அதிகாரிகள் சரியாகத்தான் சொன்னார்கள். மரியாதையோடு, மெதுவாகச் சொன்னார்கள். என் கப்பலில் ஒருவன் அப்படி மெதுவாகச் சொன்னால் எனக்குக் கேட்குமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

இனி, வெளியே யாருக்கும் தெரியாத வேலை ஒன்று: ஏற்ற மறுப்பது. கப்பல் என்றால் புயலும் கொள்ளையரும்தான் ஆபத்து என்று நினைப்பார்கள். மொத்தச் சரக்காகக் குவிந்து கிடக்கும் தாதுமண்ணும் ஆளைக் கொல்லும். நிக்கல் தாது, பாக்சைட், இரும்புத்தாதுப் பொடி இவையெல்லாம் மழையில் நனைந்து ஈரம் மிகுந்து ஏறினால், பார்க்க உலர்ந்த மண் போலத்தான் இருக்கும். கடலில் எஞ்சின் அதிர்விலும் அலையின் ஆட்டத்திலும் மண் துகள்கள் இறுகி, இடையில் இருந்த நீர் வெளியே வந்து, சரக்கு முழுவதும் சேறாகிவிடும். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது சேறும் அந்தப் பக்கம் ஓடும், திரும்பி வராது. அடுத்த அலையில் இன்னும் சாயும். 2009 மழைக்காலத்தில் நம் கரையிலேயே இரண்டு கப்பல்கள் இப்படிப் போயின. ஜூலையில் மங்களூர் அருகே ஏசியன் ஃபாரஸ்ட், செப்டம்பரில் பாரதீப் அருகே பிளாக் ரோஸ். இரண்டிலும் இரும்புத்தாதுப் பொடி. 2015 ஜனவரியில் பாக்சைட் ஏற்றிவந்த பல்க் ஜூபிட்டர் வியட்நாம் கடலில் மூழ்கியது. 19 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடச் சான்றிதழ் உண்டு. அது போக, கேப்டன் கையில் ஒரு எளிய சோதனையும் இருக்கிறது. ஒரு தகர டப்பாவில் பாதியளவு சரக்கைப் போட்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் இருபத்தைந்து தடவை தட்ட வேண்டும். மேலே நீர் கசிந்தால், சரக்கு சேறுபோலத் தளதளத்தால், ஏற்றக் கூடாது. மறுபடி ஆய்வுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவில் ஒரு துறையில் நான் தட்டியபோது நாலாவது டப்பாவில் நீர் மினுங்கியது. கொடுத்த சான்றிதழில் ஈரம் அளவுக்குள் இருப்பதாக எழுதியிருந்தது. ஏற்றுவதை நிறுத்தினேன். அதன் பிறகு இரண்டு நாள் போன் ஓயவில்லை. சரக்குக்காரர், கப்பலை வாடகைக்கு எடுத்தவர், ஏஜென்ட், எல்லாருக்கும் ஒரே கேள்வி: மற்றக் கப்பல்கள் ஏற்றிக்கொண்டு போகின்றனவே, உங்களுக்கு மட்டும் என்ன? கப்பல் ஒரு நாள் சும்மா நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று மணிக்கொரு தடவை சொன்னார்கள். ஒருவர் அடுத்த கான்ட்ராக்டைப் பற்றி மெல்ல நினைவூட்டினார். மூன்றாம் நாள் வேறு ஆய்வாளர் வந்தார்; பார்ஜ் எனும் மிதவையில் கொண்டுவந்த அந்தச் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி மறுக்க எனக்குத் துணிவு கொடுத்தது வெறும் குணம் என்று சொல்ல மாட்டேன். சட்டம் இருக்கிறது. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் பிறந்து, இன்று 1974-ஆம் ஆண்டு வடிவத்தில் நடைமுறையில் உள்ள, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை, உயிர்ப் பாதுகாப்புக்கும் கடல் சூழலுக்கும் அவசியம் என்று கேப்டன் தன் தொழில் அறிவால் கருதி எடுக்கும் முடிவை உரிமையாளரோ வாடகைக்கு எடுத்தவரோ வேறு யாருமோ தடுக்கக் கூடாது என்கிறது. இந்த வரி என் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. சட்டம் இருந்தும், அழுத்தத்தில் பணிந்து ஏற்றிக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மகளின் கல்யாணத்தையும் வீட்டுக் கடனையும் மனத்தில் வைத்துக்கொண்டு தனியாக நிற்பது கஷ்டம்.

பைலட் விஷயத்துக்கு வருகிறேன். பைலட் என்பவர் அந்தந்தத் துறைமுகத்தின் நீரோட்டம், மணல்திட்டு, வளைவு எல்லாம் தெரிந்தவர். ஏணியில் ஏறி வந்து கப்பலை நடத்திக் கொடுப்பார். பொறுப்பு கை மாறாது. ‘மாஸ்டரின் உத்தரவு, பைலட்டின் ஆலோசனை’ என்றுதான் கப்பலின் நாட்குறிப்பான லாக் புக்கில் எழுதும் வழக்கம். பைலட் தப்பாகத் திருப்பினால், நான் அவரைத் தடுத்து உத்தரவை மாற்ற வேண்டும். தடுக்காவிட்டால் தப்பு என்னுடையது. பனாமா கால்வாய் ஒன்று பெரிய விலக்கு. அங்கே கப்பலை நடத்தும் அதிகாரமே பைலட்டிடம் போய்விடும். சூயஸில் அப்படியில்லை. 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கால்வாயின் குறுக்கே சிக்கி ஆறு நாள் உலக வாணிபத்தைத் திணறவைத்தபோது, பிரிட்ஜில் கால்வாய் பைலட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனாலும் கால்வாய் நிர்வாகத்தின் விரல் கேப்டனை நோக்கித்தான் நீண்டது. அந்தக் கப்பலின் 25 பேரும் இந்தியர்கள்.

2024 மார்ச் 26 அதிகாலையில் பால்டிமோரில் டாலி கப்பல் பாலத்தில் மோதிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் போனதற்கும் மோதியதற்கும் இடையே நாலே நிமிஷம். அதற்குள் பைலட்கள் நங்கூரம் போடச் சொல்லி, இழுவைப் படகு கேட்டு, வயர்லெஸ்ஸில் எச்சரித்து, போலீஸ் பாலத்தின் இரு முனையிலும் வண்டிகளை நிறுத்தும்படி செய்தார்கள். பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த நாலு நிமிஷம் வீணாகியிருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று எண்ணவே நடுங்குகிறது. இருபது இந்தியர்களும் ஓர் இலங்கையரும் அதில் வேலை பார்த்தார்கள். பல வாரங்கள் அவர்களால் கப்பலை விட்டு இறங்க முடியவில்லை.

கேப்டனின் கடமைகளில் எனக்கு மிக நெருக்கமானது, கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றுவது. அபாயச் செய்தி கேட்டால் முழு வேகத்தில் போய் உதவ வேண்டும் என்று சோலாஸ் கட்டாயப்படுத்துகிறது. யார், எந்த நாடு, என்ன காகிதம் வைத்திருக்கிறார் என்ற கேள்வி அங்கே கிடையாது. 2015 ஜூனில் சம்பூர்ண ஸ்வராஜ்யா என்ற எண்ணெய்க் கப்பலின் கேப்டன் ராதிகா மேனன், எஞ்சின் நின்று ஒடிசா கடலில் அலைந்த துர்க்கம்மா என்ற மீன்பிடிப் படகிலிருந்த ஏழு பேரை, கொந்தளிக்கிற கடலில் மூன்று தடவை முயன்று தூக்கியெடுத்தார். இந்திய வணிகக் கப்பல்களின் முதல் பெண் கேப்டன் அவர். கடலில் காட்டிய துணிச்சலுக்காகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு தரும் விருதைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே.

காப்பாற்றுவதற்கு விலையும் உண்டு. 2001 ஆகஸ்டில் டாம்பா என்ற நார்வே கப்பலின் கேப்டன் ஆர்னே ரின்னன், மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட அகதிகளை ஏற்றிக்கொண்டார். பெரும்பாலோர் ஆப்கானியர். கப்பலில் இருந்த மாலுமிகள் 27 பேர். பாதுகாப்புக் கருவிகள் 50 பேருக்குத்தான். ஆஸ்திரேலியா உள்ளே வராதே என்றது. டெக்கில் நோயாளிகளையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது என்று அவர் எல்லையைத் தாண்டினார். ஆயுதப்படை ஏறி வந்தது. கரையில் அமர்ந்து யோசித்தால் நூறு கோணம் தெரியும். பிரிட்ஜில் நின்றால் டெக்கில் கிடக்கிற குழந்தை மட்டும்தான் தெரியும்.

நம்மவர்கள் மறக்கக் கூடாத கேப்டன் ஒருவர் உண்டு. 1986 ஆகஸ்ட் 11 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், மூடுபனியில், அட்லாண்டிக் ரீப்பர் என்ற மீன்பிடிப் படகின் கேப்டன் கஸ் டால்டன் இரண்டு லைஃப்போட்களைக் கண்டார். அவற்றில் 155 பேர். எல்லோரும் இலங்கைத் தமிழர்கள். ஜெர்மனியிலிருந்து அவர்களை ஏற்றி வந்த கப்பலின் கேப்டன், திறந்த கடலில் லைஃப்போட்களில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். டால்டன் தன் படகில் எடுத்துக்கொள்ள முடிந்தவரை எடுத்து, கையில் இருந்த சாப்பாட்டைக் கொடுத்து, வயர்லெஸ்ஸில் மற்றவர்களை வரவழைத்தார். ஒரே கதையில் இரண்டு கேப்டன்கள். உங்கள் மகனுக்கு இந்தத் தொழிலைப் பற்றி ஒரே ஒரு சம்பவம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கைது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் நியாயமும் உண்டு, அநியாயமும் உண்டு. 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியாவைத் தீவுக்கு மிக அருகே ஓட்டிப் பாறையில் ஏற்றி, பயணிகள் உள்ளே இருக்கும்போதே தான் இறங்கிவிட்ட கேப்டனுக்குப் பதினாறு வருஷச் சிறை. இறந்தவர்கள் 32 பேர். 2014 ஏப்ரலில் கொரியாவின் சேவோல் சாயும்போது, பயணிகளை அசையாமல் இருங்கள் என்று அறிவித்துவிட்டுக் கேப்டன் தப்பினார். 304 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அவருக்கு ஆயுள் தண்டனை. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேப்டன் கப்பலோடு மூழ்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இறங்க வேண்டியவர்களை இறக்கும்வரை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுபக்கம் ஹெபெய் ஸ்பிரிட். 2007 டிசம்பரில் கொரியக் கடலில் நங்கூரம் போட்டு நின்ற எண்ணெய்க் கப்பல் அது. இழுத்துச் சென்ற கம்பி அறுந்து, கிரேன் ஏற்றிய மிதவை ஒன்று வந்து மோதியது. பத்தாயிரம் டன்னுக்கு மேல் எண்ணெய் கொட்டியது. கேப்டன் ஜஸ்பிரீத் சாவ்லாவும் சீஃப் ஆபீசர் சியாம் சேத்தனும் இந்தியர்கள். முதல் நீதிமன்றம் விடுவித்தது. மேல் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது. உச்ச நீதிமன்றம் சிறைத் தண்டனையை நீக்கியது. ஒன்றரை வருஷம் கழித்து, 2009 ஜூனில்தான் வீடு திரும்பினார்கள். நின்ற இடத்தில் நின்றதற்கு இந்தப் பாடு.

கொழும்புக்கு அருகே 2021 மே மாதம் எரிந்து, ஜூன் 2 அன்று மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் இன்னும் சிக்கலானது. 25 டன் நைட்ரிக் அமிலம் ஏற்றியிருந்தார்கள். பெட்டி கசிவது தெரிந்து, கத்தாரில் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தில் ஹசீராவிலும் இறக்கக் கேட்டார்கள். இரண்டு இடமும் ஏற்கவில்லை. கொழும்பில் தீப்பிடித்தது. பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரை முழுவதும் ஒதுங்கி, மீனவர் பிழைப்பு கெட்டது. ரஷ்யக் கேப்டன் கைதாகி, பல ஆண்டுகள் இலங்கையை விட்டு வெளியேற முடியாமல் இருந்தார். கரையோர மக்களின் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் இறக்க மறுத்த துறைமுகங்களையோ, பெட்டியைக் கட்டியவர்களையோ கைவிலங்கு தேடிப் போகவில்லை. கையெழுத்து யாருடையதோ, கைக்கு எட்டும் தூரத்தில் யார் இருக்கிறாரோ, அவரே அகப்படுகிறார்.

மற்ற வேலைகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்குத் துறைமுகம் சுங்கம், குடியேற்றம், சுகாதாரம் என்று கட்டுக்கட்டாகத் தாள்கள். ஏற்றிய சரக்குக்கான ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் கையெழுத்து. ஆழம் குறைந்த கால்வாயில் வேகம் கூடினால் கப்பல் இன்னும் தாழும் என்பதால், ஓதத்தையும், கப்பல் நீருக்குள் அமிழும் ஆழமான டிராஃப்டையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாளில் குறைந்தது பத்து மணி நேரமும், வாரத்தில் 77 மணி நேரமும் ஓய்வு கிடைத்ததா என்று கணக்கு வைப்பது. நெஞ்சு வலிக்கிறது என்று மாலுமிகளின் தலைவரான போசன் வந்தால், வயர்லெஸ்ஸில் கரை டாக்டர் சொல்லச் சொல்ல ஊசி போடச் செய்வது. 2020-இல் கொரோனா நேரத்தில் உலகம் முழுவதும் நாலு லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் தவித்தார்கள். என் கப்பலிலும் சிலர் பதினாலு மாதம் இருந்தார்கள். ஒருவனுக்கு அப்பா இறந்த செய்தி வந்தது. அதை அவனிடம் சொல்ல வேண்டியவனும் கேப்டன்தான். அறைக் கதவைத் தட்டுவதற்கு முன் வராந்தாவில் கால் மணி நேரம் நின்றேன்.

இனி உங்கள் மகன். மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் அங்கீகரித்த கல்லூரியா என்று பாருங்கள். ஐஎம்யு எனும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நாட்டிக்கல் சயின்ஸில் ஓராண்டு டிப்ளமோவான டிஎன்எஸ் படித்தால் பதினெட்டு மாதம் கடல் பயிற்சி, மூன்றாண்டு பிஎஸ்சி படித்தால் பன்னிரண்டு மாதம். அதன் பிறகே செகண்ட் மேட் தேர்வு. அங்கிருந்து மாஸ்டர் சான்றிதழ் கைக்கு வரப் பத்து வருஷம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தால் கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்று வருகிற ஏஜென்ட்டுகளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால், கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்கும் முன்னால், டிஜி ஷிப்பிங் அங்கீகரித்த டாக்டரிடம் அழைத்துப்போய் நிறப் பார்வையைச் சோதித்துவிடுங்கள். இரவில் எதிரே வருகிற கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. அதை வைத்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். சிவப்பும் பச்சையும் கண்ணுக்குக் குழம்பினால் கப்பலை நடத்தும் டெக் வேலைக்கு எடுக்கவே மாட்டார்கள். இரண்டு வருஷம் செலவழித்த பிறகு அதைக் கண்டுபிடித்து, என் முன்னால் உட்கார்ந்து அழுத ஒரு பையனை எனக்குத் தெரியும்.